நாலு பழைய வேட்டி

2019 சித்திரையில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. காலை ஏழு மணி இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து டம்ளர் நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார், வலது கை வரவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

தெருவே ஓடி வந்தது. திருமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் யாருக்காவது ஒன்று என்றால் யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஒருவர் கையைத் தேய்த்துவிட்டார். ஒருவர் பித்தமாக இருக்கும், படுக்க வை என்றார். இன்னொருவர் சோடா வாங்கி வந்து வாயில் ஊற்றினார். அப்பாவுக்குப் புரையேறி மூச்சுத் திணறிவிட்டது. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் திறனும் போயிருக்கலாம், வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குள் இறங்கலாம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அத்தனை பேருக்கும் அப்பாமேல் பாசம்தான். அந்தப் பாசத்திலேயே அரைமணி நேரம் போனது.

எதிர்வீட்டுப் பாலிடெக்னிக் பையன்தான் யாரையும் கேட்காமல் 108-க்குப் போன் போட்டான். டம்ளர் விழுந்தது எத்தனை மணிக்கு என்று என் அம்மாவிடம் கேட்டுச் செல்போனில் குறித்துக்கொண்டான். மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: “எப்ப ஆரம்பிச்சது?” மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அப்பாவுக்கு இருந்தது இரத்தக் கசிவு, அந்த ஊசி ஆகாது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். ஆனால் மூன்றாம் நாள் பக்கத்து வார்டுக்கு வந்த ஒருவர் அந்த ஊசியால் எழுந்து உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதனால் பார்க்கிற எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: வாய் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் ஒன்றும் கொடுக்காதீர்கள். ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மதுரையில் திருவிழாக் கூட்டம். அதற்குள் புகுந்து ஒரு அரசு மருத்துவமனையில் அப்பாவைச் சேர்த்தோம். அம்மாவுக்கு மூட்டுவலி, தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. ஆகவே உடன் இருந்தது நான். ஜவுளிக்கடையில் விற்பனை வேலை. முதலாளி லீவு கொடுத்தார். ஆண்கள் வார்டில் 23 நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தேன்.

முதல் ராத்திரி என்னிடம் வாளி இல்லை, மக்கு இல்லை, மாற்றுத் துணி இல்லை. தண்ணீர் எங்கே வரும் என்றுகூடத் தெரியவில்லை. போன் மட்டும் ஓயாமல் அடித்தது. சித்தப்பா, மாமா, கடைக்காரர்கள், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள். எல்லோரும் கடைசியில் சொன்னது ஒரே வாக்கியம்: “எதுவா இருந்தாலும் தயங்காமக் கேளுப்பா.” மனசார அக்கறையோடுதான் சொன்னார்கள். நான் ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், மலஜலம் துடைக்க நாலு துணி வேண்டும் என்று மாமாவிடம் எப்படிக் கேட்பது?

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் நினைவில்லாமல் கிடந்தார். அவருடைய மனைவி உசிலம்பட்டிப் பக்கம். வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. வார்டில் யாருக்கும் யார் பெயரும் தெரியாது; ஊர்ப் பெயரை வைத்துத்தான் கூப்பிடுவோம். அந்த உசிலம்பட்டி அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்தார்.

“பழைய வேட்டி தம்பி. நல்லா தொவைச்சது. நாலு இருக்கு, கிழிச்சு வச்சுக்க. பைப்புல தண்ணி காலையில அஞ்சு மணிக்குத்தான் நல்லா வரும். ஒனக்கும் ஒரு வாளி சேத்துப் பிடிச்சு வச்சிர்றேன், நீ தூங்கு.”

“என்ன வேணும்” என்று அவர் கேட்கவே இல்லை. பதினோரு நாளைக்கு முன்னால் தனக்கு எது இல்லாமல் தவித்தாரோ அதைக் கொண்டுவந்து வைத்தார். பழைய வேட்டியின் அருமை வார்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். புதுத் துணி தோலை உராயும், ஈரத்தை உறிஞ்சாது. பலமுறை துவைத்த பருத்தி வேட்டி துடைக்கவும் விரிக்கவும் மெத்தென்று இருக்கும். வந்தவர்கள் எல்லாம் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தார்கள். அப்பாவுக்கு மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணி போய்க்கொண்டிருந்தது. அந்த ஆப்பிள் எல்லாம் ஜன்னல் ஓரத்தில் சுருங்கிப்போயின.

நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் வந்துவிடும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். ஒரே ஆளாக அதை எப்படிச் செய்வது என்பதை அக்காதான் காட்டினார். போர்வையை நாலாக மடித்து நோயாளிக்கு அடியில் விரித்து, அதைப் பிடித்து இழுத்தால் ஆள் தானாகத் திரும்புவார். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, செயலற்ற தோள் கழன்றுவிடும். குழாயில் கஞ்சி ஊற்றும்போது தலைமாட்டை உயர்த்தி வைக்க வேண்டும், ஊற்றி முடித்த பிறகும் அரைமணி நேரம் அப்படியே விட வேண்டும். ஒவ்வொன்றையும் ஒருமுறை செய்து காட்டிவிட்டு, அடுத்தமுறை என்னைச் செய்யவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

இரண்டாம் ராத்திரி ஓர் ஏற்பாடு சொன்னார். “பத்துலருந்து ரெண்டு வரைக்கும் ரெண்டு பேரையும் நான் பாத்துக்கிறேன். ரெண்டு மணிக்கு ஒன்னய எழுப்பி விட்டுட்டு நான் படுக்குறேன்.” நேரத்தோடு சொன்னதால் என்னால் ஒப்புக்கொள்ள முடிந்தது. “தூக்கம் வந்தா சொல்லு” என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன். உடம்பு முடியாதவர் வீட்டுக்கு உதவ நினைப்பவர்களிடம் இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறேன். உங்களால் முடிந்த ஒன்றை, நாளும் நேரமும் சேர்த்துச் சொல்லுங்கள். “சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வர்றேன், மதியம் வரைக்கும் நான் இருக்கேன், நீ வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டுத் தூங்கு.” எதிரில் இருப்பவர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குப் பேச்சு போயிருந்தது, காது நன்றாகக் கேட்டது. அதை வந்தவர்கள் யோசிக்கவே இல்லை. கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, “இந்த மாதிரிதான் எங்க பெரியப்பாவுக்கும் வந்துச்சு, ஒரு மாசந்தான் இருந்தாரு” என்றார் ஒருவர். “இனிமே கொத்து வேலைக்கெல்லாம் போக முடியாதுல்ல?” என்று இன்னொருவர் என்னிடம் கேட்டார். அப்பா முப்பது வருடம் கொத்தனார். அவர்கள் போன பிறகு அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அதைத் துடைக்க அவருடைய வலது கை எழும்பவில்லை. அந்த மனிதர்களை நான் பிறகு கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் என்னால் அதை மறக்கவும் முடியவில்லை.

அப்புறம் ஒருநாள் அப்பாவோடு வேலை பார்க்கும் கூட்டாளி ஒருவர் வந்தார். என்னிடம் தலையாட்டிவிட்டு நேராக அப்பாவின் இடது பக்கம் போய் உட்கார்ந்தார். உணர்ச்சி உள்ள கை அதுதான் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்பாவிடமே பேசினார். மணல் விலை ஏறியது, மேஸ்திரி சண்டை போட்டது, பாதியில் நிற்கிற ஒரு சுவர். “பூச்சு வேலைய ஆரம்பிக்கல. நீ வந்து மட்டம் பாத்துச் சொல்லு, அதுவரைக்கும் கெடக்கட்டும்.” பதில் வராது என்று தெரிந்தும் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் கொஞ்சம் நிறுத்தினார். அப்பா பதினேழு நாளில் முதல்முறையாக வாயைத் திறந்து ஒரு சத்தம் எழுப்பியது அன்றைக்குத்தான். கால்மணி நேரம் இருந்துவிட்டு, என்னை வெளியே கூப்பிட்டு, சட்டைப் பையில் மடித்த ரூபாய் நோட்டுகளைத் திணித்துவிட்டுப் போய்விட்டார். எவ்வளவு என்று சொல்லவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, எல்லோர் கண்முன்னும் கொடுக்கவில்லை.

நோயாளியைப் பார்க்கப் போனால் நான் இப்போது அவரைத்தான் பின்பற்றுகிறேன். நோயாளியிடம் பேசுவது, நோயாளியைப் பற்றிப் பேச வேண்டியதை வராந்தாவில் வைத்துக்கொள்வது, எப்படி வந்தது ஏன் வந்தது என்று கதை கேட்காமல் இருப்பது, கால்மணி நேரத்தில் எழுந்துவிடுவது. கையில் பழத்துக்குப் பதில் போன் சார்ஜர், சில்லறைக் காசு, ஒரு பிளாஸ்க் வெந்நீர்.

சாப்பாடு விஷயத்தில் ஒன்று நடந்தது. மருத்துவமனை வளாகத்தில் அம்மா உணவகம் இருந்தது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். எட்டு ரூபாயில் ஓர் ஆள் மதியம் வயிறாரச் சாப்பிடலாம். அந்த எட்டு ரூபாயையும் எண்ணிப் பார்த்துச் செலவழிக்கிறவர்கள் வார்டில் இருந்தார்கள். எதிர்க் கட்டில் பெரியவருக்கு உடன் இருந்த பேரன் இரண்டு நாளாக மதியம் எங்கும் போகவில்லை. அக்கா அதைக் கவனித்துவிட்டார். மூன்றாம் நாள் ஒரு பொட்டலம் கூடுதலாக வாங்கி வந்து, “எங்க கொழுந்தன் வர்றேன்னுட்டு வரல, வீணாப் போகுதுப்பா, நீ சாப்பிடு” என்று அவனிடம் கொடுத்தார். வரவேண்டிய கொழுந்தன் என்று யாரும் கிடையாது. அந்தப் பொய்யை அடுத்தடுத்த நாளில் வேறு வேறு மாதிரி சொன்னார். பிறகு நானும் சொன்னேன். பையன் தலைகுனியாமல் சாப்பிட்டான்.

எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் செய்முறை உண்டு. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, எதுவானாலும் யார் எவ்வளவு செய்தார்கள் என்று நோட்டில் எழுதிவைத்துத் திருப்பிச் செய்ய வேண்டும். என் அம்மாவிடம் அப்படி இரண்டு நோட்டு இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் நான் ஒருநாள் அக்காவிடம் இருநூறு ரூபாயை நீட்டினேன். அவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

“இது என்ன செய்முறையா தம்பி, எழுதி வச்சுத் திருப்புறதுக்கு? எனக்கு மொத நா இந்த வேட்டிய குடுத்த அம்மா எந்த ஊருன்னே எனக்குத் தெரியாது.”

அந்த நாலு வேட்டி அவருடையதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். நான்காம் நாள் விடியற்காலை, தூங்கியும் தூங்காமலும் கிடந்தபோது, தரை துடைக்க வந்த அம்மாவின் தண்ணீரில் என் பாய் நனைந்துவிட்டது. வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பைப் பிழிந்துகொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எதிர்க் கட்டில் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, அந்த அம்மா இரண்டு வார்டையும் ஒரே ஆளாகத் துடைக்கிறார், நாலு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார் என்று மெதுவாகச் சொன்னார். வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் “பரவால்ல விடுப்பா” என்று நகர்ந்துவிட்டார். அந்த வார்த்தையில் எதுவும் சரியானதாகத் தோன்றவில்லை. மறுநாள் அவர் வருவதற்கு முன்பே என் பாயைச் சுருட்டி, வாளியைக் கட்டில்மேல் ஏற்றி, வரிசையில் இருந்த எல்லோரையும் எழுப்பி அதேபோலச் செய்யச் சொன்னேன். முக்கால்மணி நேர வேலை கால்மணியில் முடிந்தது. நான்கைந்து நாள் இப்படிப் போன பிறகு ஒருநாள் அவரே என்னிடம், “அப்பா எப்படிப்பா இருக்காரு?” என்று கேட்டார்.

ஒன்பதாம் நாள், வராந்தாவில் ஒருவர் கட்டில் கட்டிலாக வந்து, தன் மகனின் ஆபரேஷனுக்கு இரத்தம் கொடுக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு போனார். எனக்கு 34 வயது, அதுவரை கொடுத்ததில்லை, பயம். போய்க் கொடுத்தேன். 18 வயது ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். எடுப்பது 350 மில்லி. படுத்து எழுந்திருக்கப் பத்து நிமிடம்தான். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். யாராவது கெஞ்சி வந்து கேட்கும்வரை காத்திருக்காமல், இப்போதெல்லாம் நானே தேதி குறித்து அரசு இரத்த வங்கிக்குப் போய்விடுகிறேன்.

பதினெட்டாம் நாள் விடியும்போது அக்காவின் கணவர் இறந்துபோனார்.

எனக்கு அப்போதும் என்ன செய்வதென்று தெரியவில்லை. “இழுத்துக்கிட்டுக் கெடக்காம நிம்மதியாப் போயிட்டாருக்கா” என்று சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபத்தெட்டு நாள் அவரைக் கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டவரிடம், போனது நல்லது என்று நான் எப்படிச் சொன்னேன்? எதிர்க் கட்டில் பெரியவரின் மனைவி ஊரிலிருந்து வந்திருந்தார். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவிழ்ந்து கிடந்த முடியை அள்ளி முடிந்துவிட்டார். அக்கா அவர் மடியில் சாய்ந்துதான் முதலில் அழுதார்.

பேசத் தெரியாதவன் என்று புரிந்ததால் நான் வேலையில் இறங்கினேன். அக்காவின் போனை வாங்கி, அவர் காட்டிய பெயர்களுக்கெல்லாம் நானே தகவல் சொன்னேன். ஒவ்வொருவரிடமும் அதே வார்த்தையை அவர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆதார் நகல் எடுத்துவந்து கொடுத்தேன். அரசு மருத்துவமனையில் இறந்தவர்களை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்க இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, 155377 என்ற எண்ணில் கூப்பிடலாம். அது தெரியாமல், வாசலில் நிற்கிற தனியார் வண்டிக்குக் கடன் வாங்கிப் பணம் கொடுத்த குடும்பத்தை அதே வாரம் பார்த்திருந்தேன். வாளி, பிளாஸ்க், பாய் எல்லாவற்றையும் கட்டி வண்டியில் வைத்தேன். ஏறப்போகும்போது அக்கா இறங்கி வந்து அந்த மஞ்சப்பையை என்னிடம் கொடுத்தார். துவைத்து மடித்த வேட்டித் துணிகள். “ஒங்கப்பாவுக்கு ஆகும்” என்றார்.

அப்பா 23-ஆம் நாள் வீடு திரும்பினார். இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார், இடது கையால் சாப்பிடுகிறார், இருபது முப்பது வார்த்தை பேசுகிறார்.

ஆவணி கடைசியில் அக்காவின் ஊருக்குப் போனேன். துக்கம் கேட்க முதல் நாள் வந்த கூட்டத்தில் ஒருவரும் இரண்டு மாதமாக எட்டிப் பார்க்கவில்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை, எல்லோருக்கும் பிழைப்பு இருக்கிறது என்றார். ஆதரவற்ற விதவைகளுக்கு அரசு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் விண்ணப்பிக்கவே இல்லை. இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அவரோடு இ-சேவை மையத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். துக்க வீட்டுக்கு முதல் நாள் போக முடியாவிட்டால் நான் இப்போது வருத்தப்படுவதில்லை. ஐம்பதாம் நாள் போகிறேன். அப்போது போனால் ஒரு மின் கட்டணம், ஒரு வங்கிக் கணக்கு, ஏதாவது ஒன்று ஆள் இல்லாமல் நின்றுகொண்டிருக்கும்.

அந்த ஊருக்குத் திரும்பும் முக்கில் ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் பாவியிருப்பார்கள், தோள் உயரத்துக்கு. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக நட்டு வைப்பது நம் ஊர் வழக்கம். தலைச்சுமையோடு தனியாக வருகிறவரால் இன்னொருவர் கை கொடுக்காமல் சுமையை இறக்கவும் முடியாது, ஏற்றவும் முடியாது. ஆள் இல்லாத பாதையில், யாரையும் கூப்பிட்டுக் கேட்காமல், அவரே இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிப் போகத்தான் அந்தக் கல். பஸ் வரும்வரை அதன் பக்கத்தில் நின்றிருந்தேன். அக்கா வேட்டியை வைத்துவிட்டுப் போன விதம் நினைவுக்கு வந்தது.

2022-இல் நான்குவழிச் சாலையில் ஒரு பைக் சறுக்கி விழுந்து கிடந்தது. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவரும் என்று யாரும் தொடவில்லை. உதவுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதைச் சேர்த்தார்கள். பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். இதையெல்லாம் நின்றவர்களிடம் சத்தமாகச் சொன்னேன். சொன்னதும் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். ஒருவர் வண்டிகளை ஒதுக்கிவிட்டார், ஒருவர் நிழலுக்குத் துண்டைப் பிடித்தார். கழுத்தை அசைக்காமல் பார்த்துக்கொண்டு 108 வரும்வரை நின்றோம். மனசு இல்லாமல் இல்லை, பயம்தான் அவர்களைப் பிடித்து வைத்திருந்தது.

போன மாதம் கடையில் என்னோடு வேலை பார்க்கும் தம்பிக்கு மத்தியானம் போன் வந்தது. அவனுடைய அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். பதறிக்கொண்டு ஓடினான். கடை மூடியதும் வீட்டுக்குப் போய், அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து மஞ்சப்பையை எடுத்தேன். அப்பா திண்ணையிலிருந்து என்னைப் பார்த்தார். இடது கையால் தன் இடுப்பில் இருந்த வேட்டியைத் தொட்டுக் காட்டி, அம்மாவைக் கூப்பிட்டு, கொடியில் காய்ந்த இன்னொன்றையும் எடுத்துவரச் சொன்னார். நான் போனை எடுத்து அந்தத் தம்பியிடம் கேட்டேன்: “எந்த வார்டு, எத்தனையாவது கட்டில்? பத்து மணிக்கு வந்துர்றேன். ரெண்டு மணி வரைக்கும் நான் பாத்துக்கிறேன்.”